பன்னிரண்டாவது பல்

இது நடந்தது. 1994 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. மணி, நிமிடம் எல்லாம் என் சட்டைப்பை நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம். நானாக இருந்தால் அந்த நோட்டையும் நம்ப மாட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

பெயர் சிரில் ஃபெரிடே. ஊர் பர்மிங்காம் பக்கத்தில் வில்லன்ஹால். பூட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் சோதகராக இருந்தேன். ஒரு பூட்டைச் சரி என்று வெளியே விடுவதற்கு முன் மூன்று முறை சந்தேகப்பட வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வேலை போன பிறகும் புத்தி போகவில்லை. பால் பாட்டிலைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போவேன். என் மனைவி உயிரோடு இருந்தபோது, "நம்ம கல்யாணச் சான்றிதழையும் ஒருதரம் லென்ஸ் வெச்சுப் பாத்துடேன்" என்பாள். பார்த்திருக்கிறேன் என்பதை அவளிடம் சொன்னதில்லை.

எனக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய பென்னி. அதிலும் அபூர்வ அச்சுகள். ஒரே வருடம், ஒரே ராணி, ஒரே முகம். ஆனால் அச்சு வேறாக இருக்கும். காசின் ஓரத்தில் சுற்றிவரப் பல் பல்லாக இருக்கும் அல்லவா, அதில் ஒரு பல் கூடியிருக்கும். இல்லையென்றால் ஓர் எண் மயிரிழை தள்ளி நிற்கும். ஆயிரம் காசைப் புரட்டினால் ஒன்று மாட்டும். மாட்டாமலும் போகும்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் சங்கம் ஒரு மதுக்கடையின் மாடியில் கூடும். யாராவது ஒரு காசை மேஜைமேல் வைப்பார்கள். நான் பார்த்துச் சொல்வேன். நான் சொன்னது சங்கத்து நோட்டில் ஏறும். ஏறினால் ஏறியதுதான். என்னை எல்லாரும் ஜட்ஜ் என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

1991 நவம்பர் 5 அன்று ரெஜ் டேங்க்ஸ் ஒரு காசைக் கொண்டுவந்தார். டிப்டன் ஊர்க்காரர். வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்துப் பார்த்து நெஞ்சு கெட்டுப்போனவர். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுக்கும். அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்து நிற்கவும் அவரால் முடியவில்லை. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"சிரிலு... இதப் பாரு. சந்தையில ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள்ள... கெடந்துச்சு. எச் இல்ல!"

1882ஆம் வருடத்துப் பென்னி. அந்த வருடத்துக் காசுகளைப் பர்மிங்காம் பட்டறையில் அடித்தார்கள். ஆண்டு எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் எச் என்று இருக்கும். அது இல்லாத காசு அபூர்வத்திலும் அபூர்வம். அதனாலேயே எச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு ஊரை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. சுரண்டியதா, பிறவியிலேயே இல்லாததா என்று பார்க்க நானே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஆண்டின் முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை ஓரத்துப் பற்களை எண்ண வேண்டும். பதினொன்று வந்தால் சுரண்டல். பன்னிரண்டு வந்தால் அசல்.

நான்கு நிமிடம் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. தீர்ப்புக்கு வரும் காசில் களிம்பைத் தொடக் கூடாது என்பது எங்கள் சங்கத்து விதி. தொட்டால் காசு கெட்டது என்று அர்த்தம். அதன் அடியில் ஒரு பல் இருக்கும் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பதினொன்று வந்தது.

"சுரண்டினது" என்றேன்.

பதினான்கு பேர் இருந்தார்கள். யாரோ ஒருவர், "ரெஜ்ஜு, அரத்த நல்லாத் தீட்டி வெச்சிருக்கியே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நவம்பர் ஐந்து எங்கள் ஊரில் பட்டாசு நாள், வெளியே வெடித்துக்கொண்டிருந்தது. ரெஜ் காசை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். பிறகு அவர் சங்கத்துக்கு வரவே இல்லை. நோட்டில், 'எச் நீக்கப்பட்ட போலி. கொண்டுவந்தவர்: ஆர். டேங்க்ஸ்' என்று ஏறியது.

மூன்று வருடம் கழித்து அக்டோபரில் அவர் இறந்துபோனார். டிசம்பர் முதல் வாரத்தில் அவருடைய மனைவி மேவிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அந்தக் காச மறுபடி ஒருதரம் வந்து பாரு. நான் எதையும் விக்கப் போறதில்ல. அந்த நோட்டுல அவரு பேரு திருட்டுப்பய மாதிரி கெடக்கு. அது எனக்குத் தாங்கல."

விற்கத்தான் போகிறாள், அதற்கு என் கையெழுத்து வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் போனேன்.

மதியம் 2.10. கால்வாய் ஓரத்தில் செங்கல் வீடு. கதவைத் திறந்தவள் கையில் ஊன்றுகோல். இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், ஓர் அடி எடுத்து வைக்கவே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"வாங்க ஜட்ஜய்யா. மிதியடியில காலத் தொடச்சுட்டு வா. அதுவும் போலி மிதியடியான்னு வேணா குனிஞ்சு பாத்துக்க."

பின்கட்டில் சின்ன அறை. ரெஜ் காசு பார்க்கிற இடம். ஒரு மேஜை, விளக்கு, நாற்காலி, சுவரோரம் இழுப்பறைப் பெட்டி. ஒரே ஜன்னல், அதுவும் பெயின்ட் அடித்துத் திறக்க முடியாமல் ஒட்டிப்போனது. அதையும் தள்ளிப் பார்த்துக்கொண்டேன். அவர்கள் வீட்டுக் காகிதத்தை நம்பாமல் என் வெள்ளைக் காகிதத்தை விரித்து அதன்மேல் காசை வைத்தேன். களிம்பு அதே இடத்தில் இருந்தது. எண்ணினேன்.

பதினொன்று.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் தப்பு செய்யவில்லை. மணி 2.25.

மேவிஸ் முன்னறையிலிருந்து தேநீர் குடிக்கக் கூப்பிட்டாள். நான் இல்லாத நேரத்தில் காசை மாற்றிவிட்டால்? அறைக் கதவைப் பூட்டினேன். ஐந்து நெம்புப் பூட்டு, எங்கள் ஊர்ச் சரக்கு. கம்பியை விட்டுத் திறக்க முடியாது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தேநீரும் பன்றி இறைச்சிப் பணியாரமும் வைத்திருந்தாள். என் கண் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவே இல்லை. 2.50க்குத் திரும்பினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

வெள்ளைக் காகிதத்தில், காசை ஒட்டி, ஒரு சிட்டிகை பச்சைத் தூள்.

முதலில் அது இருந்ததா? இல்லை. நான் விரித்த காகிதம் அது. குனிந்து காசைப் பார்த்தேன். அதே காசுதான், என் குறிப்பில் உள்ள கீறல்கள் எல்லாம் இருந்தன. களிம்பில் மட்டும் ஒரு மூலை குறைந்த மாதிரி தெரிந்தது. வெளிச்சத்தின் கோளாறாக இருக்கும் என்று விளக்கைத் திருப்பினேன். குறைந்துதான் இருந்தது. வேறு சாவி இருக்கிறது, வேறு ஆள் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன். இந்தக் காதுகுத்து வேலையெல்லாம் என்னிடம் நடக்காது.

கதவை உள்பக்கம் தாழிட்டு உட்கார்ந்தேன்.

3.12. ஒரு சத்தம். கிர்ர்... கிர்ர்... மிக மெல்லியது. எலி என்று நினைத்தேன். எலிக்குப் பல் அவ்வளவு நிதானமாக இருக்காது. சுரண்டும், நிற்கும். சுரண்டும், நிற்கும். பிறகு ஊதுகிற மாதிரி ஒரு மூச்சு.

அதன் பிறகுதான் சுவர்ப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் ஓர் இழுப்பு. நெஞ்சு கெட்டவர் விடுகிற மூச்சு. எனக்கு அந்த மூச்சைத் தெரியும்.

"...பத்து... பதினொண்ணு... பன்னெண்டு."

டேப் ரிகார்டர்! அதைத்தான் முதலில் நினைத்தேன். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உருவினேன். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டேன். மேஜைக்கு அடியில் தவழ்ந்தேன். தரைப் பலகையைத் தட்டிப் பார்த்தேன். ஒரு கம்பி, ஒரு பொத்தான் இல்லை. சுவரில் காதை வைத்தேன். அந்தப் பக்கம் கால்வாய்த் தண்ணீர்தான்.

கதவைத் திறந்து, வெளியே பூட்டி, நேராக மேவிஸிடம் போனேன்.

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? நீயும் நானுந்தான்."

"களிம்ப யாரோ சுரண்டுறாங்க."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துபோயிற்று.

"அந்தக் காசையா? வாயக் கழுவு. மத்த காசுக்கெல்லாம் தோட்டத்து ரோஜா முள்ள ஒடிச்சு வெச்சுக்கிட்டு, ராத்திரி பகலா அழுக்கக் குத்தி எடுத்துக்கிட்டு இருப்பாரு. இத மட்டும் தொடவே மாட்டாரு. நாங்கூடக் கேட்டேன், அந்தப் பச்சைய எடுத்துட்டுக் காட்டக் கூடாதான்னு. 'எடுத்தா நாந்தான் கையி வெச்சேன்னு சொல்லுவான் மேவிஸ்... சிரில் மறுபடி பாக்கறப்ப அன்னைக்கி இருந்த மாதிரியே இருக்கணும்'னாரு. மூணு வருசம் நீ வருவன்னு காத்துக்கிட்டு இருந்தாரு. வந்தியா நீ?"

இவள் நடிக்கவில்லை என்று அப்போதும் என் மனம் ஒப்புக்கொள்ள மறுத்தது.

3.40. பூட்டைத் திறந்து உள்ளே போய், மறுபடி தாழிட்டேன்.

காகிதத்தில் பச்சைத் தூள் குவிந்திருந்தது. அதன் நடுவே, ஒடிந்த முள்முனை ஒன்று.

காசில் களிம்பே இல்லை.

லென்ஸை எடுத்தேன். களிம்பு இருந்த இடத்தில் ஒரு பல் இல்லை. இரண்டு பற்கள், நெருக்கமாக, சுத்தமாக. நகத்தால் தொட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். வலமிருந்து இடமாகவும் எண்ணினேன்.

பன்னிரண்டு.

அசல். ரெஜ் கொண்டுவந்தது அசல் காசு. நான்தான் தப்பு. பதினான்கு பேர் முன்னால் ஒரு நல்ல மனிதரைத் திருடன் ஆக்கியிருக்கிறேன், அதற்குச் சிரித்தும் இருக்கிறேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். இது வெளியே தெரிந்தால் நான் பார்த்துச் சொன்ன ஒவ்வொரு காசையும் தோண்டுவார்கள், ஜட்ஜ் பட்டம் காற்றில் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். களிம்பை எடுத்தது யார் என்றே தெரியாது. அதைச் சாக்காகச் சொல்லிக்கொள்ளலாம். என் கடிதத் தாளை எடுத்து, சங்கச் செயலாளர் கிளைவுக்கு எழுதினேன். 'மறுபடி பார்த்தேன். என் தீர்ப்பில் மாற்றமில்லை.'

4.02. வெளியே இருட்டிவிட்டது.

நாற்காலிக்குப் பின்னால் பலகை கிறீச்சிட்டது.

கதவு தாழிட்டிருக்கிறது. நான்தான் தாழிட்டேன்.

"ஒண்ணு..."

இந்த முறை சுவரிலிருந்து இல்லை. என் வலது தோளுக்கு மேலிருந்து.

"ரெண்டு... மூணு..."

காதில் ஈர மூச்சு பட்டது. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"...ஒம்போது... பத்து..."

இழுப்பு.

"பதினொண்ணு..."

நின்றுவிட்டது.

காத்திருந்தேன். அதுவும் காத்திருந்தது.

4.05... 4.09... 4.14...

மூச்சு மட்டும். உள்ளே. வெளியே.

மேஜைமேல் இருந்த கடிதம் மெல்ல, என் பக்கமாக, ஒரு விரல் அகலம் நகர்ந்தது.

"பன்னெண்டு!"

நான்தான் கத்தினேன்.

மூச்சு நின்றது.

கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். புதுத் தாளில் மூன்றே வரி எழுதினேன். 'ரெஜ் டேங்க்ஸ் கொண்டுவந்த 1882 அசல். தப்பு என்னுடையது. நோட்டைத் திருத்தவும்.' கையெழுத்துப் போட்டேன். மை காய்ந்ததா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் தாள். மடித்து, என் உறையில் போட்டு ஒட்டி, மடிப்பின் மேல் மறுபடி கையெழுத்துப் போட்டு, அதன்மேல் நாடா ஒட்டினேன். அந்த நிலையிலும் நான் யாரையும் நம்பவில்லை. மணி 4.31.

முன்னறைக்கு வந்தேன். மேவிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்க முயன்றாள்.

"என்னாச்சு சிரிலு? பேயறஞ்ச மாதிரி இருக்க?"

"பன்னெண்டு. அவரு சொன்னது சரி. மன்னிச்சிருங்க மேவிஸ்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊன்றுகோல் கீழே விழுந்தது.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவருகிட்ட சொல்லு" என்றாள். அழுதாள்.

"சொல்லிட்டேன்" என்றேன். அது அவளுக்குப் புரியவில்லை.

தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியில் கடிதத்தை என் கையாலேயே போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தேன். கடைசித் தபால் எடுக்க வண்டியும் வந்தது. தபால்காரர் மூட்டையில் கொட்டுவதைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

தீர்ப்பு பற்றிய கடிதத்தைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும்தான் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அடுத்த கூட்டம் ஜனவரியில். மதுக்கடையில் வெந்நீர்க் கொதிகலன் வெடித்துக் கூட்டம் நடக்கவில்லை. கிளைவ் அந்த உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தார்.

பிப்ரவரி 7. கிளைவ் உறையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். நாடா பிரியவில்லை. என் கையெழுத்து குலையவில்லை. கத்தரித்து, மூன்று வரியையும் படித்தார். நோட்டில் ரெஜ் பெயர் இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, 'அசல்' என்று எழுதினார். அரத்தைப் பற்றிக் கிண்டல் செய்தவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு மூச்சு வந்தது.

"இரு, இரு" என்றார் கிளைவ். "பின்னாலயும் எழுதியிருக்கியே."

"பின்னாலயா? ஒண்ணும் இல்லையே."

தாளைத் திருப்பிக் காட்டினார். பொடிப்பொடியாக எழுத்து. என் எழுத்து. என் ஏழு, என் வளைந்த ஒன்பது. எந்தக் கோர்ட்டிலும் நான் எழுதவில்லை என்று சொல்ல முடியாது.

ஆறு காசுகள். எந்த வருடத்துக் காசு, யார் கொண்டுவந்தது, சிரில் என்ன சொன்னார், எது சரி. கிளைவ் படிக்கப் படிக்க, அதில் இரண்டு காசுக்கு உரியவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன் பைக்குள்ளிருந்து எடுத்து வைத்தார். லென்ஸ் கைமாறியது. பல்லை எண்ணினார்கள். தாளில் இருந்ததுதான் சரி. நான் சொன்னது தப்பு.

கிளைவின் குரல் இறங்கிப்போயிற்று. ஆறாவதை அவர் படிக்கவில்லை. தாளை என் கையில் கொடுத்தார்.

'1863. பச்சைத் தொப்பி போட்ட பெண்மணி. ஆண்டுக்குக் கீழே இருப்பதைக் கீறல் என்று சிரில் சொல்வார். கீறல் இல்லை. அது மூன்று என்ற அச்சு எண், அபூர்வம். ஓட்டை போடுவதற்குள் அவளிடம் சொல்லவும்.'

எனக்கு அந்தப் பெண்மணியைத் தெரியும். பில்ஸ்டன் காசுச் சந்தையில் என் மேஜைக்கு வந்தாள். லென்ஸில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீறல் என்றேன். "அப்ப ஓட்டை போட்டுச் சாவிக்கொத்துல மாட்டிக்கட்டுமா?" என்று கேட்டாள். "தாராளமா மாட்டிக்கோம்மா" என்று சிரித்தேன். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. அது முந்தைய மாதம்தான், ஜனவரி 21.

கிளைவ் கையிலிருந்த உறையை வாங்கிப் பார்த்தேன். தபால் முத்திரை நன்றாகவே விழுந்திருந்தது. டிசம்பர் 9, மாலை 5.15.